தூங்கா நகரில் தூக்கம் தொலைத்தவர்கள்



நம் மதுரைக்குத் 'தூங்கா நகரம்' என்று ஒரு பெயர் உண்டு. நள்ளிரவு ஒரு மணிக்கும் மாட்டுத்தாவணியில் பேருந்துகள் புறப்படுகின்றன. தேநீர்க் கடையில் பால் கொதிக்கிறது. பரோட்டாக் கல்லில் தட்டும் சத்தம் கேட்கிறது. பொழுது விடியும் முன்பே பூச்சந்தைக்கு மல்லிகை வந்து இறங்குகிறது. இன்று நேற்று ஏற்பட்ட வழக்கம் அன்று இது. சங்க காலத்து மதுரைக்காஞ்சியே இந்நகரின் பகல் அங்காடியையும் இரவு அங்காடியையும் விவரிக்கிறது. இந்தத் தூங்காமை நமக்குப் பெருமை.

ஆனால் இதே நகரில், தூங்க வேண்டும் என்று ஏங்கியும் தூங்க முடியாமல் விடிய விடியப் புரள்கிறவர்கள் இருக்கிறார்கள். அபினி வகைப் போதையை, குறிப்பாக வலி மாத்திரைப் போதையை விட்டுவிட்டு, அதன் முதல் வாரங்களைக் கடந்துகொண்டிருப்பவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றியும், அவர்களுக்குத் துணை நிற்க வேண்டிய நம்மைப் பற்றியும் இந்த வாரம் சிந்திக்க விரும்புகிறேன். இதை எழுதுவதற்கு என் சொந்தத் தவறு ஒன்றே காரணம்.

கதவைத் தட்டியவன்

சில ஆண்டுகளுக்கு முன், நான் வேறொரு பங்கில் இருந்தபோது, இரவு ஒன்றரை மணி அளவில் பங்கு இல்லத்தின் கதவு தட்டப்பட்டது. திறந்தால், எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞன். கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை செய்பவன். இடுப்பு வலிக்கென்று உடன் வேலை செய்பவர் கொடுத்த மாத்திரையில் தொடங்கி, அது இல்லாமல் எழுந்து நிற்கவே முடியாத நிலைக்குப் போனவன். தாயின் கண்ணீரைப் பார்த்துத் தானாகவே நிறுத்தியிருந்தான். அன்று ஆறாவது நாள்.

"சாமி, தூங்கி அஞ்சு நாளாச்சு சாமி. காலெல்லாம் உள்ளுக்குள்ள எறும்பு ஓடுற மாதிரி இருக்கு. படுக்க முடியல, உக்கார முடியல. கொஞ்ச நேரம் இங்க இருந்துட்டுப் போறேன்" என்றான்.

மறுநாள் காலையில் எனக்கு இரண்டு திருப்பலிகள், ஓர் அடக்கம். "தம்பி, மனசுல உறுதி இருந்தா எல்லாம் சரியாகும். போய் ஒரு செபமாலை சொல்லிட்டுப் படு. காலையில வா, பேசுவோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அவன் வீட்டுக்குப் போகவில்லை. பழைய நண்பர்களைத் தேடிப் போனான். பழைய அளவையே எடுத்துக்கொண்டான். விடியற்காலையில் வீட்டுக்கு வந்து படுத்தவன் பெருங்குறட்டை விட்டான். 'அப்பாடா, என் பிள்ளை தூங்கிட்டான்' என்று அவன் தாய் மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சமையல் கட்டுக்குப் போயிருக்கிறார். காப்பி கொண்டு வந்தபோதுதான் மகனின் உதடு நீலமாக இருப்பதைக் கவனித்தார். 108 வண்டி சீக்கிரம் வந்ததால் உயிர் பிழைத்தான்.

லூக்கா நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமை நமக்குத் தெரியும். நள்ளிரவில் ஒருவன் நண்பனின் கதவைத் தட்டி மூன்று அப்பங்கள் கேட்கிறான். உள்ளே இருப்பவனோ கதவு பூட்டியாயிற்று, பிள்ளைகள் படுத்துவிட்டார்கள் என்கிறான். இந்தப் பகுதியை வைத்து எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். அன்று உள்ளே படுத்திருந்த மனிதன் நான்தான். உவமையில் வருபவனாவது கடைசியில் எழுந்து கொடுத்தான். நான் அதையும் செய்யவில்லை.

அவன் மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகே, இந்த நோயைப் பற்றி மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொள்ளத் தொடங்கினேன். அவனது அனுமதியோடு, அவன் யார் என்று தெரியாதபடி, இதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் தூக்கம் வருவதில்லை?

அபினி, ஹெராயின், மார்பின், டிரமடால், டேபென்டடால் ஆகிய எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை மூளையில் வலியையும் பதற்றத்தையும் அடக்குகின்றன. நம் மூளையின் அடித்தண்டில், நம்மை விழிப்போடு வைத்திருக்கும் சிறிய நரம்புத் தொகுதி ஒன்று உண்டு. நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து 'எழுந்திரு, கவனி' என்று உடலுக்குச் சொல்வது அதன் வேலை. அபினி வகை மருந்துகள் அந்தத் தொகுதியை அமுக்கி வைக்கின்றன. நாள்தோறும் அமுக்கப்படுவதால், அதுவும் ஈடுகொடுப்பதற்காக மேலும் மேலும் வலுவாக இயங்கப் பழகிக்கொள்கிறது.

திடீரென்று மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும்? கிணற்றுத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்த காலிக் குடத்தைக் கைவிட்டால் குபீரென்று மேலே எழும்பும் அல்லவா? அதைப் போல அந்த விழிப்புத் தொகுதி முழு வேகத்தோடு எழும்புகிறது. கண்ணில் நீர், மூக்கில் நீர், ஓயாத கொட்டாவி, மயிர்க்கூச்சு, வியர்வை, வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் வலி, கால்களில் அடங்காத குடைச்சல், படபடப்பு எல்லாம் வருகின்றன. தூக்கம் முற்றிலும் போய்விடுகிறது. கொட்டாவி மட்டும் வரும், தூக்கம் வராது. அந்தக் கொடுமையை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

ஹெராயின், மாத்திரைகள் போன்ற குறுகிய நேரம் வேலை செய்யும் வகைகளை நிறுத்தினால் 8 முதல் 24 மணி நேரத்தில் இந்தத் தவிப்பு தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலும் 4 முதல் 10 நாட்களில் உடல் வலியும் வயிற்றுப்போக்கும் அடங்கிவிடும். இத்தோடு எல்லாம் முடிந்தது என்று வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் தூக்கமின்மை அத்தோடு முடிவதில்லை. அது வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். இன்னொன்றும் உண்டு. போதையில் இருந்த காலத்தில் வந்ததும் முழுமையான தூக்கம் அன்று. ஆழ்ந்த உறக்கத்தையும் கனவு காணும் உறக்கத்தையும் அந்த மருந்துகள் குறைத்துவிடுகின்றன. ஆகவே உடல் தூங்கவே புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இது மனவுறுதிக் குறைவு அன்று. காய்ச்சல் வந்தவனிடம், "உறுதியோடு இரு, சூடு தணியும்" என்று யாரும் சொல்வதில்லை. நான் அன்று சொன்னது அப்படிப்பட்ட வார்த்தைதான்.

இது நம் ஊர்ப் பிரச்சினையா?

'போதை ஊசியெல்லாம் வடக்கே, பஞ்சாபில், மணிப்பூரில்' என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. மத்திய அரசுக்காகப் புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2019-இல் வெளியானது. 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியரில் ஏறத்தாழ 2 சதவீதம் பேர், அதாவது சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர், ஏதேனும் ஓர் அபினி வகைப் பொருளைப் பயன்படுத்துகிறார்கள் என்று அது மதிப்பிட்டது. அதில் முதலிடம் ஹெராயினுக்கு. அடுத்த இடம் மருந்துக்கடை மாத்திரைகளுக்கு.

டிரமடால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. டேபென்டடாலும் தசை தளர்த்தும் காரிசோபுரோடாலும் கலந்த மாத்திரைகள் இங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்கா வரை போய் அங்குள்ள இளைஞர்களைச் சீரழிப்பது வெளிச்சத்துக்கு வந்ததும், 2025 பிப்ரவரியில் நம் அரசு அவற்றின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. தமிழகத்து நாளிதழ்களில், வலி மாத்திரைகளைப் போதைக்கு விற்றவர்கள் கைது என்ற செய்தி நமக்குப் புதிதல்ல. சிறு ஊர்களின் பெயர்களும் அச்செய்திகளில் வருகின்றன.

இந்தப் போதை எப்போதும் கேளிக்கையில் தொடங்குவதும் இல்லை. மூட்டை தூக்குபவருக்கு இடுப்பு வலி, ஓட்டுநருக்கு முதுகு வலி, விபத்தில் கால் முறிந்தவருக்குத் தீராத வலி என்று உழைப்பின் களைப்பிலிருந்தே பலருக்குத் தொடங்குகிறது.

அந்த இரவுகளைக் கடப்பது எப்படி?

முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் அறைக்குள் பூட்டி வைத்து நிறுத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். தவிப்பைக் குறைக்க மருந்துகள் உண்டு. மதுவும் தூக்க மாத்திரையும் சேர்த்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கருவுற்ற பெண் மருத்துவர் சொல்லாமல் திடீரென்று நிறுத்தக் கூடாது.

பியூப்ரினார்பின் என்று ஒரு மருந்து உண்டு. நாக்கின் அடியில் வைத்துக் கரைப்பது. மருத்துவரின் கண்காணிப்பில் கொடுக்கப்படுவது. அது தவிப்பையும் ஏக்கத்தையும் அடக்கி, மனிதனை வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்ப வைக்கிறது. அதையும் மெத்தடோனையும் உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?' என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன். சர்க்கரை நோயாளி இன்சுலின் போட்டுக்கொள்வதைப் போதை என்போமா? எவருக்கு, எவ்வளவு, எத்தனை காலம் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மருத்துவரை மதிக்கச் சொல்லும் சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். மருத்துவரைப் படைத்தவரும் மண்ணிலிருந்து மருந்தை விளைவிப்பவரும் ஆண்டவரே என்பது அதன் கருத்து.

மருத்துவர் தரும் மருந்தோடு, வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை சில உண்டு.

எப்போது தூங்கினாலும், தூங்காவிட்டாலும், தினமும் ஒரே நேரத்தில் எழுந்துவிட வேண்டும். ஐந்தரை என்றால் ஐந்தரை. எழுந்ததும் வெளியே போய்க் காலை வெளிச்சம் கண்ணில் படும்படி நடக்க வேண்டும். மூளைக்குள் இருக்கும் கடிகாரத்தைச் சரிசெய்வது அந்த வெளிச்சமே.

பகலில் களைத்து விழும். ஆனாலும் மதியம் அரைமணி நேரத்துக்கு மேல் படுக்கக் கூடாது. பகல் பன்னிரண்டு மணிக்குப் பிறகு காப்பி, தேநீர் வேண்டாம். இது நம் ஊர்க்காரர்களுக்குக் கடினம், தெரியும். அந்த நேரத்தில் மோரோ, சுக்குக் கஷாயமோ குடிக்கலாம்.

படுத்து இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் படுக்கையிலேயே புரளக் கூடாது. எழுந்து வேறிடத்தில், மங்கிய வெளிச்சத்தில், அமைதியாக உட்கார வேண்டும். கண் சொக்கும்போது மறுபடி படுக்கலாம். 'படுக்கை என்றால் போராட்டம்' என்று மூளை பழகிவிட்டதை மாற்றுவதற்கு இதுவே வழி. கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டாம். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். அல்லது தாயின் கையில் இருக்கட்டும். பழைய கூட்டாளிகளின் அழைப்பும் அதில்தான் வரும்.

கால் குடைச்சலுக்கு வெதுவெதுப்பான நீரில் குளிப்பதும், கெண்டைக்காலை நீவிவிடுவதும், நீட்டி மடக்கும் பயிற்சியும் உதவும். இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்திருந்தால் குடைச்சல் கூடும் என்பதால் பரிசோதித்துக்கொள்வது நல்லது. வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களில் உப்புச் சர்க்கரைக் கரைசல் அவசியம். மதுரை வெயில் காலத்தில் இது இன்னும் முக்கியம்.

போதை எடுப்பது போன்ற கனவுகள் வரும். விழித்ததும் 'விழுந்துவிட்டேனோ' என்ற பயமும் குற்ற உணர்வும் வரும். அது கனவு. பாவம் அன்று. பலருக்கும் வருவது. ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வந்து இதைச் சொல்லி அழுதவர்கள் உண்டு.

தூக்கத்துக்காகக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். 'ரெண்டு பெக் போட்டாத் தூங்கிடுவான்' என்று மதுவையும் கொடுக்க வேண்டாம். அபினி வகையோடு இவை சேர்ந்தால் மூச்சு நின்றுபோகும்.

இந்தக் குறட்டை தூக்கம் அல்ல

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். சில நாட்கள் நிறுத்தியவுடனேயே உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடுகிறது. முன்பு சாதாரணமாக எடுத்த அதே அளவு, இப்போது உயிரைப் பறிக்கும் அளவாகிவிடுகிறது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய முதல் வாரங்களும், சிறையிலிருந்து வெளிவந்த முதல் வாரங்களும் மிக ஆபத்தானவை என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம். தூக்கமில்லாத இரவு அவர்களை இந்தப் பள்ளத்துக்கே தள்ளுகிறது.

அவர் எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக வருகிறது, தொண்டையில் களகளவென்று குறட்டை, உதடும் நகமும் நீலம், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது என்றால், 'பாவம், தூங்கட்டும்' என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மூச்சு வந்துகொண்டிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தனியே விட்டுப் போகாதீர்கள். நலோக்சோன் என்ற மாற்று மருந்து மருத்துவமனையில் கொடுக்கப்பட்டால், நின்றுகொண்டிருக்கும் மூச்சு நிமிடங்களில் திரும்புகிறது. என்ன எடுத்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மானத்தைவிட மகன் பெரியவன்.

வழக்குக்குப் பயந்து பலர் சிகிச்சைக்கு வருவதில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமே, சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ பயன்படுத்தியதற்காகவோ வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், நிபந்தனைகளோடு விலக்குப் பெற வழி வைத்திருக்கிறது. அதன் 64-ஏ பிரிவு இதைச் சொல்கிறது.

சங்கிலி வேண்டாம்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், நம் பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு குடிசைக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். வேறு வழி தெரியாத தாய் தகப்பன்மார்கள். அந்தத் தீ நமக்குக் கற்பித்த பாடத்தைப் போதை நோயிலும் நாம் மறந்துவிடக் கூடாது. அடித்துத் திருத்துவோம், கட்டிவைத்துத் திருத்துவோம் என்று சொல்லும் இடங்களில் பிள்ளைகளை ஒப்படைக்காதீர்கள். போதை மறுவாழ்வு மையம் என்றால் அரசின் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு உண்டா, மருத்துவர் வருகிறாரா, குடும்பத்தார் பார்க்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் தொடர்பான மனநலப் பாதிப்பையும் உள்ளடக்கியது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது.

முப்பது ஆண்டுகள் கோவில் வாசலில்

அபினிக்கு அடிமையாயிருந்த புனிதர் ஒருவர் நம் திருச்சபையில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சீன நாட்டின் மாற்கு ஜீ தியான்ஷியாங். 1834-இல் பிறந்தவர். மருத்துவர். ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தவர். தம் வயிற்று நோய்க்கு மருந்தாக எடுத்த அபினி அவரைப் பிடித்துக்கொண்டது. திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனம் செய்தார். திரும்பத் திரும்ப விழுந்தார். இவர் மனம் திருந்தவில்லை என்று கருதிய குரு, அவருக்குப் பாவமன்னிப்பையும் நற்கருணையையும் மறுத்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அருட்சாதனங்கள் இன்றியே அவர் கோவிலுக்கு வந்துகொண்டிருந்தார். செபிப்பதை விடவில்லை. 1900 ஜூலை 7-ஆம் நாள், பாக்ஸர் கலவரத்தில் தம் குடும்பத்தாரோடு கொல்லப்பட்டார். குடும்பத்தில் எவரும் தனிமையில் சாகக் கூடாது என்பதற்காகத் தம்மைக் கடைசியாகக் கொல்லும்படி அவர் கேட்டுக்கொண்டார் என்று அவரது வரலாறு சொல்கிறது. 2000 அக்டோபர் 1 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சீன மறைசாட்சியர் 120 பேரில் ஒருவராக அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

அவரது அபினிப் பழக்கம் ஒழிந்ததாகச் சான்று இல்லை. ஆயினும் திருச்சபை அவரைப் புனிதர் என்கிறது. அவருக்கு அருட்சாதனத்தை மறுத்த குருவைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. அக்காலத்தில் இதை நோய் என்று பலரும் அறிந்திருக்கவில்லை. ஆனால் இன்று நமக்குத் தெரியும். வேரூன்றிய பழக்கமும் அச்சமும் கட்டாயமும் ஒருவரது செயலுக்கான பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று நம் மறைக்கல்வி ஏடு 1735-ஆம் எண்ணில் கற்பிக்கிறது. தெரிந்த பிறகும் நாம் கதவைச் சாத்தினால் நமக்கு என்ன சாக்கு?

நான்கு பேர் வேண்டும்

மாற்கு நற்செய்தியில் முடக்குவாதமுற்றவரை நான்கு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். படுத்துக் கிடப்பவரின் நம்பிக்கையைப் பற்றி அங்கே ஒன்றும் சொல்லப்படவில்லை. தூக்கி வந்தவர்களின் நம்பிக்கையைத்தான் இயேசு பார்க்கிறார். போதையிலிருந்து மீள்பவருக்கும் நான்கு மூலையிலும் பிடிக்க ஆட்கள் வேண்டும்.

ஒரு மூலையில் மருத்துவர். இன்னொரு மூலையில் அதே பாதையில் முன்னே நடந்தவர். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாகி மது அடிமைகள் மீட்புக் குழுவைத் தொடங்கினார்கள். அதே நகரின் கத்தோலிக்க மருத்துவமனையில் இருந்த அருட்சகோதரி இஞ்ஞாசியா 1939-இல் குடிநோயாளியைச் சேர்த்துச் சிகிச்சைக்கு வழி திறந்தார். போதைப்பொருள் அடிமைகளுக்கான குழு 1953-இல் உருவானது. அந்தக் கூட்டங்களில் அறிவுரை சொல்பவர் எவருமில்லை. 'எனக்கும் இப்படித்தான் இருந்தது' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தூங்காத இரவில் அந்த ஒரு வாக்கியத்துக்கு உள்ள பலம் என் மறையுரைக்கு இல்லை. நம் நாட்டில் மும்பை மறைமாவட்டக் குரு அருட்தந்தை ஜோ பெரைரா, தாமே குடிநோயிலிருந்து மீண்டவர், 1981-இல் கிருபா அறக்கட்டளையைத் தொடங்கினார். சென்னையில் திருமதி சாந்தி ரங்கநாதன், குடியால் கணவரை இழந்த துயரத்திலிருந்து எழுந்து, 1980-இல் டி.டி. ரங்கநாதன் நிறுவனத்தை ஏற்படுத்தினார். காயப்பட்டவர்களே மற்றவரின் காயத்தைக் கட்டினார்கள்.

மூன்றாம் மூலை குடும்பம். வீட்டாருக்கு என் வேண்டுகோள்: இரவு இரண்டு மணிக்கு அவர் நடமாடினால், 'எங்கே போகிறாய், என்ன ஒளிக்கிறாய்' என்று தொடங்காதீர்கள். பழைய கடன், அடகு வைத்த நகை, தங்கையின் கலியாணம் ஆகிய கணக்கெல்லாம் பகலில், மாதம் சில கழித்துப் பேசலாம். பக்கத்தில் அமர்ந்து கால் நீவிவிட்டால் போதும். அதே சமயம் கையில் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் தூக்கம் வேண்டும். ஆகவே முறை வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி விழுந்தால், 'எல்லாம் போச்சு' என்று முடிவு கட்டாதீர்கள். மறுநாளே மருத்துவரிடம் போங்கள். மீண்டும் விழுவது இந்த நோயில் பலருக்கு நேர்வது.

நான்காம் மூலை பங்குச் சமூகம். நாம்தான். ஒவ்வோர் அன்பியத்திலும், வின்சென்ட் தே பவுல் சபையிலும், இரவில் கைப்பேசியை அணைக்காத இரண்டு பேர் இருக்க முடியாதா? வாரத்துக்கு ஓர் இரவு ஒருவர் என்றால் ஏழு பேர் போதும். அவர்கள் மருத்துவம் சொல்ல வேண்டாம். செபம்கூடக் கட்டாயம் இல்லை. 'தம்பி, நான் முழிச்சுத்தான் இருக்கேன், பேசு' என்றால் போதும். கேட்டதை வெளியே சொல்லாத நாவு வேண்டும். அது இல்லாதவர்கள் இந்தப் பணிக்கு வர வேண்டாம்.

கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவர் அந்த இரவில் கேட்டதும் இதுவே. தம் துன்பத்தை வாங்கிக்கொள்ளும்படி அவர் சீடரைக் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கூட விழித்திருக்கும்படிதான் கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். நானும் தூங்கப் போனேன்.

எலியாவுக்குக் கிடைத்தது

அரசர்கள் முதல் நூல் 19-ஆம் அதிகாரத்தில், களைத்துச் சாகக் கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்த இறைவாக்கினர் எலியாவைப் பாருங்கள். கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் வந்தது சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும். சாப்பிட்டார், மறுபடி படுத்தார். தூதரும் மறுபடி வந்தார். போக வேண்டிய பயணம் நீண்டது என்பதால் மறுபடியும் உண்ணச் சொன்னார். உபதேசம் எல்லாம் பிறகு, மலையில். முதலில் உணவும் உறக்கமும் தொட்டு எழுப்ப ஒரு கையும். நோயாளியிடம் நாம் போக வேண்டிய வரிசை இதுவே.

நான் கதவைச் சாத்திய அந்த இளைஞன் இன்று சிகிச்சையில் இருக்கிறான். இடையில் இருமுறை விழுந்தான், எழுந்தான். இன்னும் சில இரவுகளில் தூக்கம் வருவதில்லையாம். அப்போது எனக்குத் தொலைபேசியில் அழைப்பான். பெரும்பாலும் பேச ஒன்றும் இருக்காது. மழை வந்ததா, வைகையில் தண்ணீர் வந்ததா என்று பேசிக்கொண்டிருப்போம். ஒருநாள் கேட்டேன், "என் மேல கோபம் இல்லையாப்பா?" என்று. "இருந்துச்சு சாமி. இப்ப நீங்க எடுக்குறீங்கல்ல" என்றான்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால் தயங்க வேண்டாம். போதை மறுவாழ்வுக்கான தேசிய இலவசத் தொலைபேசி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் எண் 14416. அதை இரவிலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 108. ஊசி பயன்படுத்தியவர்கள் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிப் பரிசோதனையும் செய்துகொள்ளட்டும்.

இன்றிரவு படுக்கப் போகும்முன் ஒரு நிமிடம் நம்மையே கேட்போம்: நள்ளிரவில் நம் கதவு தட்டப்பட்டால் நாம் என்ன செய்வோம்?

செபிப்போம்: இரவிலும் எங்களைக் காக்கும் இறைவா, தூக்கமின்றித் தவிக்கும் உம் பிள்ளைகளுக்கு இந்த இரவைக் கடக்கும் வலிமை தாரும். அவர்களைக் கவனிக்கும் தாய்மாருக்கும் மனைவியருக்கும் மருத்துவர்களுக்கும் பொறுமை தாரும். எங்கள் பங்குகளில் விழித்திருக்கும் உள்ளங்களை எழுப்பும். கதவைச் சாத்திய எங்களை மன்னித்து, திறக்கக் கற்றுத் தாரும். ஆமென்.